விளக்கு எரிந்தபடி ஓடிய தூரம்

அன்று பட்டறையில் இருந்தவர்கள் ஆறு பேர். சூப்பரண்டு, அவருடைய மனைவி, மகள், மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் தகப்பனாரான சம்பந்தி, மெக்கானிக். பக்கத்துப் பேட்டரிக் கடைக்காரர் வாசல்வரை வந்தார், உள்ளே வரவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அங்கே இல்லாதவர்கள்தான் பிறகு எல்லாவற்றையும் கண்ணால் கண்டதுபோல் பேசினார்கள்.

சூப்பரண்டு என்பது அவர் வகித்த பதவி. பஸ் டிப்போவில் ஓட்டுநர்களுக்கு மேலதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பதவி போனாலும் பட்டம் போகவில்லை. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் வாங்கிய காரை இன்னும் அவர்தான் ஓட்டினார். நான்கு லட்சம் கிலோமீட்டர் தாண்டியும் அதன் இன்ஜினை யாரும் பிரித்ததில்லை. அவர் வீட்டில் சாப்பாடு தவறினாலும் தவறும், ஆயில் மாற்றுவது தவறாது. விருந்தாளி வந்தால் காபிக்கு முன்னால் பானட்டைத் திறந்து காட்டுவார்.

அந்த இன்ஜின்தான் போன வாரம் நடுரோட்டில் வெந்து நின்றது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. ஓட்டியது அவர்தான். ஆனால் முந்தின நாள் மாப்பிள்ளை அதை இரவல் வாங்கிப் போய்வந்திருந்தார். அது போதாதா?

"ராஜா மாதிரி ஓடின வண்டி. ஒரு நாள் உங்க பையன் கைக்குப் போச்சு, மறுநாள் செத்துப் போச்சு. கண்மண் தெரியாம ஓட்டி இன்ஜினைப் பொசுக்கிட்டு, டாஷ்போர்டுல எச்சரிக்கை விளக்கு எரிஞ்சா நான் கண்டுபிடிச்சிடுவேன்னு அதோட வயரையும் பிடுங்கிவிட்டுட்டாரு" என்று சம்பந்தி வீட்டுக்கே போன் போட்டுச் சொல்லிவிட்டார்.

சம்பந்தியும் லேசுப்பட்டவர் அல்ல. "எல்லார் முன்னாடியும் காட்டுங்க சம்பந்தி. அவன் செஞ்சிருந்தா அவனை உங்க கால்ல விழச் சொல்றேன். இல்லேன்னா சொன்ன வார்த்தையை அதே இடத்துல நீங்க வாபஸ் வாங்கிக்கணும். மாட்டேன்னா, உங்க வாசப்படியை எங்க வீட்டு ஆளு இனி யாரும் மிதிக்க மாட்டாங்க. உங்க பொண்ணு உட்பட."

மகள் அந்த வாரம் முழுவதும் மத்தளம்போல் இரண்டு பக்கமும் அடி வாங்கினாள்.

பட்டறையில் வண்டி வாயைப் பிளந்து நின்றது. தீய்ந்த ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை. மெக்கானிக் கைக்கடக்கமான ஒரு கருவியைக் கொண்டுவந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே அதன் வயரைச் செருகினார்.

"நாடி பிடிக்கிறியாப்பா?" என்றார் சம்பந்தி.

"ஆமாங்க. வண்டிக்குள்ள ஒரு கம்ப்யூட்டர் இருக்கு. எங்க கோளாறுன்னு அது ஒரு நம்பராச் சொல்லும். நாமதான் அர்த்தம் பண்ணிக்கணும்."

"சீக்கிரம் பண்ணு" என்று சொல்லிச் சூப்பரண்டு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். அன்று காலையிலிருந்து அதைத் துடைத்தபடிதான் இருந்தார்.

"ரெண்டு கோட் நம்பர் இருக்கு சார். ஒண்ணு, முதல் சிலிண்டர் சரியா வெடிக்கல. இன்னொண்ணு, தண்ணிச் சூட்டைப் பார்க்கிற சென்சார் கெட்டுப் போச்சு. அது கெட்டா டாஷ்போர்டுல முள்ளு ஏறாது. உள்ள தண்ணி கொதிச்சு வத்தினாலும் முள்ளு கீழயே தூங்கும்."

"அதானே! முள்ளு ஏறவே இல்ல!"

"முள்ளு பொய் சொன்னாலும் விளக்கு சொல்லியிருக்கும் சார். கோட் விழுந்தா மஞ்ச விளக்கு எரியும்."

"அதைத்தான் இவரு பிடுங்கிட்டாரே!"

"மாமா, நான் அங்க கையே வைக்கல" என்றார் மாப்பிள்ளை. "உங்களுக்குப் பயந்து ரேடியோகூடப் போடல."

"திருடன் கொல்லைப்பக்கம் போனப்ப செருப்புச் சத்தம்கூடப் போடலன்னானாம்."

மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சம்பந்தியின் காது சிவந்தது. "ஏம்ப்பா, எப்ப கெட்டுச்சுன்னு அதுல வராதா?"

"தேதி வராதுங்க. தூரம் வரும். விளக்கு எரிய ஆரம்பிச்சப்புறம் வண்டி எவ்வளவு ஓடியிருக்குன்னு எண்ணி வெச்சிருக்கும்." மெக்கானிக் பொத்தானை அழுத்தினார். பார்த்தார். கருவியைப் பிடுங்கி மறுபடி செருகிப் பார்த்தார். பிறகு அதைச் சம்பந்தியிடம் நீட்டினார்.

"ஆறாயிரத்துச் சொச்சம்" என்று படித்தார் சம்பந்தி. "ஒரே நாள்ல ஆறாயிரம் கிலோமீட்டர் ஓட்ட, என் பையன் போனது காருலயா, ஏரோப்பிளேன்லயா?"

சூப்பரண்டுக்கு மண்டையில் அடித்தாற்போல் இருந்தது. கடைத்தெரு, மகள் வீடு, பெட்ரோல் பங்க் என்று அவர் ஓட்டுகிற ஓட்டத்துக்கு ஆறாயிரம் என்பது ஏறக்குறைய ஒரு வருடம்.

"ஒரு வருஷமா விளக்கு எரியுது, நான் பார்க்கலேங்கறியா? முப்பது வருஷம் டிரைவர்களை மேய்ச்சவன் நான். உன் டப்பா பொய் சொல்லுது!"

"சண்டை எதுக்கு சார்? சாவியைத் திருகினா இந்த விளக்கு எரிஞ்சாகணும். எரியலேன்னா யாரோ வயரைப் பிடுங்கியிருக்காங்கன்னு நானே சொல்றேன்."

"அப்படி வா வழிக்கு."

அவரே ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார். மற்றவர்கள் இரண்டு பக்க ஜன்னலிலும் குனிந்தார்கள். கண்ணாடியை ஒரு தரம் துடைத்து மாட்டிக்கொண்டு சாவியைத் திருகினார். டாஷ்போர்டின் நடுவே உற்றுப் பார்த்தார்.

"பார்த்தீங்களா? ஓரத்துல ஆயில் விளக்கு எரியுது. அந்த ஓரத்துல பேட்டரி எரியுது. நடுவுல எரிய வேண்டியது எங்க? நல்லாப் பாருங்க சம்பந்தி, உங்க பையன் லட்சணத்தை!"

ஒருவரும் பேசவில்லை. வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தார். தலையை நிமிர்த்திச் சம்பந்தியைப் பார்த்தார். சம்பந்தி திறந்த வாயை மூடாமல் நின்றார். மாப்பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றாள் மகள். "எரியுதுப்பா."

"எது?"

"நடுவுலதான். நீங்க பார்க்கிற அதே இடத்துல. மஞ்சளா."

அவர் பார்த்தார். பார்த்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கறை. அது கண்ணாடியில் படிந்த அழுக்கு என்றுதான் இத்தனை நாளும் துடைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். கறை போகவில்லை. பார்வையை ஆயில் விளக்குப் பக்கம் நகர்த்தினார். கறையும் கூடவே நகர்ந்தது, சிவப்பு மறைந்தது, நடுவில் மஞ்சள் முளைத்தது. திரும்ப நேராகப் பார்த்தார். மஞ்சள் இல்லை.

பழசெல்லாம் வரிசையாக வந்து நின்றது. பேப்பரில் பொய்தான் எழுதுகிறான் என்று வாங்குவதை நிறுத்தியது. பக்கக் கண்ணாடியை எந்த மடையனோ இடித்துவிட்டுப் போனான் என்று கத்தியது. ஒரு வருடமாக மனைவி தன்னைத் தனியாக வண்டி எடுக்கவே விடாதது. பெட்ரோல் போடப் போனாலும் முன்சீட்டில் ஏறிக்கொள்வாள். 'என்னங்க, முன்னாடி சைக்கிள். என்னங்க, சிவப்பு விழுந்திருச்சு. என்னங்க, பள்ளிக்கூடப் பிள்ளைங்க.' ரேடியோவே தேவையில்லை, நீ ஒருத்தி போதும் என்று அவளைக் கேலி செய்திருக்கிறார்.

"உனக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"விளக்கு எதுக்குன்னு தெரியாதுங்க. வண்டி ஓடுனா அது எரியும்போலன்னு நெனச்சேன்." மனைவி முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டாள். "கண்ணு விஷயம் தெரியும். ரெண்டு தரம் சொன்னேன். எனக்கே பாடம் எடுக்கிறியான்னு கேட்டீங்க. அப்புறம் கூட வர ஆரம்பிச்சேன்."

ஸ்டியரிங்கிலிருந்து அவர் கையை எடுத்தார். அந்தப் பள்ளிக்கூடச் சாலை நினைவுக்கு வந்தது. அங்கே இவள் ஒரு நாள் தும்மியிருந்தால்?

டிப்போவில் கண் சோதனையில் தவறிய ஓட்டுநரை அவர் ஒரு நடைகூட ஓட்ட விட்டதில்லை. 'நேத்துவரைக்கும் ஓட்டினேனே சார்' என்று அழுத ஆள்கூட உண்டு. 'நேத்து ஓட்டினது உன் அதிர்ஷ்டம். இன்னிக்குச் சாவியைக் கொடு' என்று கை நீட்டியவர் அவர். உறவு, சிபாரிசு எதுவும் அவரிடம் செல்லாது. அதுதான் அவருடைய மானம். காரும் இன்ஜினும் அதற்கு அப்புறம்தான்.

சாவியை உருவிக்கொண்டு இறங்கினார். கால் தரையைத் தேடியது. மனைவி பிடிக்க வந்தாள். வேண்டாம் என்று தலையசைத்தார். நேரே மாப்பிள்ளை முன்னால் போய் நின்றார். முகத்தைப் பார்த்துப் பேச நினைத்தார். முகம் இருந்த இடத்தில் கறைதான் இருந்தது. சற்றே தலையைத் திருப்பினார். அப்போதுதான் பையனின் கண் கலங்கியிருப்பது தெரிந்தது.

"மாப்பிள்ளை, நான் சொன்னது தப்பு. எல்லார் முன்னாடியும் என் வார்த்தையை வாபஸ் வாங்கிக்கிறேன்." மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, உள்ளங்கையில் சாவியை வைத்து, விரல்களை மூடினார். "நேத்துவரைக்கும் ஓட்டினது என் அதிர்ஷ்டம்."

"மாமா, இதெல்லாம் எதுக்கு... அன்னிக்கு அந்த விளக்கை நானும் பார்த்தேன், உங்க வண்டியைக் குறை சொல்லப் பயந்துட்டேன்" என்று மாப்பிள்ளை கையைப் பின்னுக்கு இழுத்தார்.

"வெச்சுக்கங்க. டிப்போவுல நான் ரெண்டாவது தரம் சொன்னதில்ல."

பிறகு சம்பந்தி இருந்த பக்கம் திரும்பினார். "வாசப்படி திறந்துதான் இருக்கு."

சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டார். வரும்போது கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. "வாசப்படி எங்கயும் ஓடிடாது சம்பந்தி. முதல்ல கண் டாக்டர்கிட்டப் போவோம். என் வண்டி வெளியதான் நிக்குது."

"உங்க வண்டியில ஆயில் மாத்தி எத்தனை நாளாச்சு?"

"ஏறுங்க சொல்றேன்."

மகள் அழுதுகொண்டே சிரித்தாள். மெக்கானிக் கருவியின் வயரைச் சுருட்டினார்.

மாப்பிள்ளை பட்டறையில் வைத்து மாமனாரின் கையை முறுக்கிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. பேட்டரிக் கடைக்காரர் வாசலில் நின்றவர். அவர் கண்டது சூப்பரண்டின் முதுகை மட்டும்.

மாப்பிள்ளை பிடுங்கவில்லை. அவரே கொடுத்தார்.