படியில் நின்று வாசித்த பெயர்கள்

சாயங்காலம் ஐந்து மணிக்கெல்லாம் வாசகசாலை வாசலில், புருஷனை ரங்கூனுக்குப் பிழைக்க அனுப்பிய பெண்கள் கூடிவிடுவார்கள். ரங்கூனில் குண்டு விழுந்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். காடு மலையெல்லாம் நடந்து தப்பி, பட்டணத்து முகாமுக்கு வந்து சேர்ந்தவர்களின் பெயர்கள் பேப்பரில் வந்தன. குமாஸ்தா ஞானரத்தினம் படியில் நின்று ஒவ்வொரு பெயரையும் இரண்டு தரம் உரக்க வாசிப்பார். எழுத்துத் தெரியாத, புருஷன் பெயரை வாயால் சொல்லாத பெண்கள் அவர்கள். காதைக் கொடுத்தால் போதும்.

பருத்தி வியாபாரி நேசையனுக்கு அந்தக் கூட்டம் கண்ணை உறுத்தியது. சண்டைக் காலத்துச் சிக்கனம் என்று ஊர்க் கமிட்டியில் பேச்சு வந்ததும் முதலில் வாய் திறந்தவர் அவர்தான்.

"வெட்டிப்பயலுக உக்காந்து பேப்பர் பாக்க மானியம் எதுக்குங்கேன்? வேணுங்கவன் வாங்கிப் படிக்கட்டும். நான் வாங்கலையா?"

எல்லோரும் கை தூக்கினார்கள். மாசி மாதம் வாசகசாலைக்குப் பூட்டு விழுந்தது. ஞானரத்தினம் பிழைப்புத் தேடித் தூத்துக்குடிக்குப் போய்விட்டார். ஊர் வாயை மூடிக்கொண்டு தன் வேலையைப் பார்த்தது.

நேசையன் பருத்தி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் தூசி பொறுக்கும் பெத்தம்மாள் வன்னியம்பட்டிக்காரி; அவள் புருஷனும் ரங்கூன் போனவன்தான். மூன்று நாள் தயங்கிவிட்டு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"அய்யா, பேப்பர்ல எங்க வீட்டுக்காரவுக பேரு வந்தாச் சொல்லுங்கய்யா."

"வந்தாச் சொல்ல மாட்டனாட்டி? போ, சோலியப் பாரு."

என்ன பெயர் என்று அவர் கேட்கவில்லை. அவளுக்கும் சொல்ல வாய் வரவில்லை. தினமும் நேசையன் ராஜபாளையத்துப் பஞ்சு விலையைப் பார்த்துவிட்டுப் பேப்பரைக் கீழே போடுவார். அதை மடித்து அலமாரியில் அடுக்குவது பெத்தம்மாள்தான்.

சித்திரை கழிந்து ஒரு மத்தியானம், சோழபுரத்துச் சங்கிலிப்பாண்டி கம்பை ஊன்றிக்கொண்டு கிட்டங்கிக்கு வந்தான். அவள் புருஷனோடு ரங்கூனிலிருந்து நடந்து வந்தவன்.

"மதினி, சமுத்திரம் அண்ணன் முகாம்ல இருபது நாளாக் காய்ச்சல்ல கெடந்தாரு. காயிதம் போட்டோம், வந்து சேரலையாக்கும். பேப்பர்லயும் பேரு போட்டாக. 'ஞானரத்தினம் பேரு வாசிக்காராம்ல, அவ கேட்டுட்டு ரயிலேறிருவா'ன்னு வாசலையே பாத்துக்கிட்டிருந்தாரு. பொறவு கண்ண மூடிட்டாரு. நான்தான் மண்ணு போட்டேன்."

பெத்தம்மாளுக்கு அழுகைகூட வரவில்லை. பருத்திக் குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நேசையன் அலமாரியைக் கலைத்தார். பங்குனி மாதத்துப் பேப்பர் ஒன்றில், பஞ்சு விலைக்கு மறுபக்கம் இருந்தது: 'சமுத்திரம், வன்னியம்பட்டி. உறவினர் உடனே வரவும்.' அவர் அதை உரக்க வாசித்தார்.

"நான் மடிச்சு வச்ச பேப்பராய்யா அது?" என்று கேட்டாள் பெத்தம்மாள். அவர் தலை குனிந்தது குனிந்ததுதான்.

அடுத்த கமிட்டியில் நேசையன் எழுந்து, வாசகசாலையைத் திறக்க வேண்டும் என்றார்.

"இனிமே திறந்தா? செத்தவன் வருவானா?" என்றார் தலைவர்.

"வரமாட்டாரு. எங்கிட்ட எட்டு வருசமா பெத்தம்மா வேலை செய்யுதா, அவ புருசன் பேரு எனக்குத் தெரியாது. ஞானரத்தினம் யாரு பேரையும் கேக்கலை. அம்புட்டுப் பேரையும் வாசிச்சாரு. காசு உள்ளவளும் கேட்டா, இல்லாதவளும் கேட்டா. எங்கிட்ட வந்த பேப்பர் பஞ்சு விலை சொல்லுச்சு, அம்புட்டுதான். சிக்கனம்னு சொல்லி, எழுத்துத் தெரியாத சனத்துக்கு இருந்த ஒத்தக் கண்ணையும் நாமதான்யா குத்திட்டோம். வாசகசாலையை மூடுனா புஸ்தகத்துக்கு ஒண்ணும் ஆவாது. ஏழைக்குப் போவேண்டிய சேதிதான் வழியிலேயே செத்துப்போவும்."