மேலே லட்சுமி, கீழே மீன்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை கடலில் பிறக்கவில்லை. விருத்தாசலத்தில், ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனியில், அச்சு இல்லாத குறையால் பிறந்தது. இதை எழுதுகிறவன் பெயர் கோதண்டபாணி. ‘நான்’ என்றே எழுதலாம்தான். செய்த காரியத்தைப் பார்த்தால் ‘அவன்’ என்று தள்ளி நிறுத்துவதே பாதுகாப்பு.

முதலில் இப்படித் தொடங்கினான்: “ஆதியில் அலைகள் பேசிக்கொண்டிருந்தபோது…”

(அடித்தாயிற்று. கோதண்டபாணி கடலைப் பார்த்ததே இரண்டு முறை. அதில் ஒன்று பஸ் ஜன்னல் வழியாக.)

2

புதுச்சேரிக் கடைக்காரர் ஒருவர் முந்நூறு கடல்கன்னி பொம்மை கேட்டார். கம்பெனி முதலாளி பாரியிடம் அதற்கு அச்சு கிடையாது, புதிதாகச் செய்ய நேரமும் இல்லை. இடுப்புக்கு மேலே லட்சுமி அச்சு. கீழே சோப்புத் தட்டுக்கான மீன் அச்சு. ஈரம் காய்வதற்குள் இரண்டையும் ஒட்டிச் சூளையில் ஏற்றிவிட்டார். நாலு கையில் பின்னிரண்டை வெட்டியாயிற்று. ஆசி வழங்கும் முன்கையை யாரும் கவனிக்கவில்லை.

“கைய இப்புடித் தூக்கிக்கினு இருக்குதே, எதுக்குன்னு கேட்டா என்னா சொல்றது? நீங்கதான் கதை எழுதறவராச்சே. பொட்டிக்குள்ள வைக்க ஒரு சீட்டு எழுதிக் குடுங்க சார். பழைய கதை மாதிரி இருக்கணும்” என்றார் பாரி.

பழைய கதை பத்தே நிமிடத்தில் தயாரானது: ‘ஏழு கடலுக்கு அடியிலுள்ள கோட்டையின் அரசி இவள். கடலில் காணாமல் போனவர்களைக் கை தூக்கி அழைப்பாள். கிழக்கு முகமாக வைத்து உப்பு படைத்தால் நாற்பத்தொரு நாளில் கரை சேர்ப்பாள்.’

(அடிக்குறிப்பு: ஏன் நாற்பத்தொன்று? நாற்பது என்றால் சந்தேகப்படுவார்கள். அந்த உபரி ஒன்றில்தான் ஐதீகமே இருக்கிறது.)

3

இந்த இடத்தில் துர்கா வருகிறாள். அவளை ஓர் ஏமாளியாக எழுதி, வாசகரோடு சேர்ந்து கொஞ்சம் சிரிக்கலாம் என்று கோதண்டபாணி திட்டமிட்டிருந்தான். அவள் ஒத்துழைக்கவில்லை.

கடலூர்ப் பக்கத்து மீனவக் குப்பத்திலிருந்து, பொம்மைப் பெட்டியில் இருந்த விலாசத்தை வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்துவிட்டாள். பாரி ஆளனுப்பிக் கோதண்டபாணியை வரவழைத்து அவள் எதிரே உட்காரவைத்தார். அவள் கணவன் இனியவன் கடலுக்குப் போய் முப்பத்தெட்டு நாளாகிறது. படகும் வரவில்லை, உடலும் வரவில்லை.

“இந்தச் சீட்ட எழுதுனது நீங்களா சார்?”

“அது வந்து… ஐதீகம்…”

“பயப்படாதீங்க. பொம்மைய நானும் பாத்தேன். மேல லட்சுமி, கீழ மீனு. எனக்குத் தெரியாதா?” சீட்டை மேசைமேல் வைத்தாள். “கருமாதி பண்ணி தாலிய எடுத்துடணும்னு எங்க மாமனாரு ஒரே பிடியா நின்னாரு. இதப் படிச்சிக் காட்டுனேன். பழைய கதைன்னதும் அடங்கிட்டாரு. அவரு கடலுக்குப் போன நாளுலேருந்து எண்ணிக்கினு இருக்காரு, இன்னும் மூணு நாளுதான் இருக்குது.”

“அதுக்கு நான் என்னம்மா செய்யறது?”

“நூத்தியொண்ணுன்னு மாத்தி எழுதிக் குடுங்க. மொதச் சீட்டுல தப்பா அச்சடிச்சிட்டாங்கன்னு சொல்லிக்கறேன்.”

“அவரு வருவாருன்னு நம்புறீங்களா?”

“தெரியல சார். ஆனா, அவரு இல்லன்னு சொல்றதா இருந்தா நான் சொல்லணும். அவங்க சொல்லக் கூடாது.”

4

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ) கோதண்டபாணி மாற்றி எழுதித் தருகிறான். நூற்றியோராம் நாள் அவள் மறுபடி வருகிறாள். அப்போது ஆயிரத்தொன்றா?

ஆ) எல்லாம் பொய் என்று ஒப்புக்கொண்டு அனுப்பிவைக்கிறான். அது அவளுக்கு ஏற்கெனவே தெரியும். ஆகவே புண்ணியம் அவனுக்கு மட்டும்.

இ) நூறாவது நாள், வேறு தேசத்துக் கரையில் ஒதுங்கிய இனியவன்…

(இதை எழுதும்போது கை கூசியது. என் கைதான். போதும், இனி ‘அவன்’ வேண்டாம்.)

துர்கா எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். பாரி வரவழைத்த டீயைத் தொடவில்லை. புதுச் சீட்டில் அரசி, கோட்டை, உப்பு எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எண்ணுக்கு மட்டும் இடம் விட்டிருக்கிறேன். சிறுகதைக்கு மூன்று பரிசு வாங்கியவன் நான். ஓர் எண்ணை எழுதப் பயமாக இருக்கிறது.

‘____ நாளில் கரை சேர்ப்பாள்.’

நீங்களே எழுதுங்கள். எவ்வளவு பெரிய எண்ணாக வேண்டுமானாலும் இருக்கட்டும். அதற்கு மறுநாள் காலை துர்காவின் வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டியவர் நீங்கள்.