ஜேபஸ் பெயர் போட்ட வெள்ளி வில்லை

போர் நீண்டுகொண்டே போன அந்த வருடங்களில் எங்கள் ஊரில் அரசாங்க வெள்ளிக்காசைக் கண்ணால் காண்பதே அரிது. கூலி கொடுக்கக்கூடச் சில்லறை கிடையாது. இரும்புக்கடை வைத்திருந்த என் கணவர் ஜேபஸ், பர்மிங்ஹாமில் சொல்லி வெள்ளி வில்லைகள் அடித்து வரவழைத்தார். ஒரு பக்கம் கலப்பை, மறுபக்கம் அவர் பெயர். யார் கொண்டுவந்தாலும் வில்லைக்கு ஒரு ஷில்லிங், அதாவது பன்னிரண்டு பென்னி, தருவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். சந்தை முழுக்க அது ஓடியது.

பிறகு, இப்படிப்பட்ட வில்லைகள் இனிமேல் செல்லாது என்று சட்டம் வந்தது. எல்லாவற்றையும் திரும்ப வாங்கிக்கொள்ள ஜேபஸ் எங்கள் புல்வெளியை விற்க எக்ஸிட்டருக்குப் போனார். நாலைந்து நாள் ஆகிவிட்டது. அதற்குள் ரொட்டிக்கடை ஹக்ஸ்டபிள் கதை கட்டிவிட்டான்.

"என்ன தங்கச்சி, உன் வீட்டுக்காரர் கப்பலேறிட்டாராமே?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டான்.

"எக்ஸிட்டருக்கு எதுக்குய்யா கப்பல்? சனிக்கிழமை வந்துடுவார்."

"எந்த வருஷத்துச் சனிக்கிழமை?"

கூட்டம் சிரித்தது. அன்றே அவன் வில்லைக்கு நாலு பென்னி என்று வாங்க ஆரம்பித்தான். துணி வெளுக்கும் கெசையாவிடம் ஒன்பது இருந்தன.

"விக்காதே அக்கா, ரெண்டு நாள் பொறு" என்று அவள் கையைப் பிடித்தேன்.

"நான் பொறுப்பேன், புள்ளைங்க வயிறு பொறுக்குமா?" என்று உதறிவிட்டுப் போனாள்.

ஜேபஸ் சனிக்கிழமை வந்தார். திங்கட்கிழமை ஹக்ஸ்டபிள் மூட்டையோடு வந்து நின்றான்.

"ஏங்க, ஏமாத்தி வாங்கினது இது. அவன் போட்ட காசை மட்டும் விட்டெறிங்க" என்றேன்.

"வில்லையில இருக்கிறது என் பேருடி" என்றார்.

முழு ஷில்லிங்காக எண்ணிக் கொடுத்தார். புல்வெளிப் பணம் போதாமல் கடையும் ஏலத்தில் போனது. கெசையா வாசலில் வந்து நின்று கத்தினாள்: "பணத்தை வச்சுக்கிட்டே எங்களைத் தவிக்கவிட்டீங்களே! நீங்களும் அவனும் கூட்டுதானே?" ஊர் அதைத்தான் நம்பியது. அவளுக்குக் கொடுக்க எங்களிடம் ஒரு பென்னி மிச்சமில்லை.

இப்போது ஜேபஸ் லாடக்காரனிடம் கூலிக்குத் துருத்தி ஊதுகிறார். ஹக்ஸ்டபிள் ஞாயிறுதோறும் தேவாலய வாசலில் ஏழைகளுக்கு ரொட்டி தருகிறான். கெசையா வரிசையில் முதலில் நின்று, "நீ நல்லா இருக்கணும், மவராசா" என்கிறாள். நாங்கள் இன்னும் அந்த வரிசைக்குப் போகவில்லை. வருகிற குளிருக்குள் போகவேண்டியிருக்கும்.