பேரைத் தெரிந்த குரல்

மாவடிப்பள்ளி நெல் ஆலையில் பகல் சாப்பாட்டு நேரம். தவிட்டு மூட்டையில் சாய்ந்தபடி சரீப் சோற்றுப் பார்சலைப் பிரித்தபோது போன் அடித்தது. உள்ளே மெஷின் ஓடிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டு மூட்டை மேல் வைத்தான். பக்கத்தில் கதிர்காமன் மீன் முள் எடுத்துக்கொண்டிருந்தான். காரைதீவிலிருந்து வரும் இந்து, சரீபோடு மூட்டை தூக்குபவன்.

"அஸ்ஸலாமு அலைக்கும், சரீப் காக்கா."

மூத்தவனைக் காக்கா என்று அழைக்கும் மென்மையான குரல். ஏழைகளுக்குத் தர்மம் பகிரும் பள்ளிவாசல் ஸகாத் குழுவிலிருந்து கதைப்பதாகச் சொன்னது. சரீபின் முழுப் பெயரை வாப்பாவின் பெயரோடு சேர்த்துச் சொன்னது. அடையாள அட்டை இலக்கத்தைச் சொன்னது. எந்த வங்கியில் கணக்கு என்பதையும் சொன்னது. மகள் அப்னாவின் வீட்டுக்குக் கூரை போடக் காசு ஒதுக்கியிருப்பதாகக் கடைசியில் சொன்னபோது, சரீப் சோற்றை மறந்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சுவர் எழும்பிக் கூரையில்லாமல் மழையில் நனைகிற வீடு அது. வீடு முடிந்தால்தான் அப்னாவுக்குக் கலியாணம். அதற்காகவே அவன் மனைவி நதீரா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். அவள் அனுப்பிய காசு முழுவதும் அவன் பெயரில் வங்கியில் கிடந்தது.

இவ்வளவும் தெரிந்தவன் நம்முடைய ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்று சரீப் நினைத்தான். போன மழை வெள்ளத்துக்குப் பிறகு, உதவி வருகிறதாம் என்ற கதையில் தெருவே ஒரு வாட்ஸ்அப் குழுவில் அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் படம் எடுத்துப் போட்டது. சரீபும் போட்டான், மகளின் வீட்டுக் கஷ்டத்தையும் வாயால் சொல்லிப் போட்டான். அந்தக் குழுவில் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

போனுக்கு ஆறு இலக்கம் வரும், அதை வாசித்துச் சொன்னால் போதும் என்றது குரல். வந்த செய்தி ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் எழுத்தையே அப்னா பள்ளிக்கூடம் போன பிறகு அவளோடு உட்கார்ந்து படித்தவன் சரீப். இலக்கம் மட்டும் விளங்கியது. அதைச் சொல்லத் தொடங்கினான். பாதி சொல்லியிருப்பான், பள்ளிவாசலில் நண்பகல் தொழுகைக்கு அழைக்கும் லுஹர் பாங்கு எழுந்தது. வழக்கம்போல ஆலையின் மெஷினை நிறுத்தினார்கள்.

"பாங்கு சொல்லுது தம்பி. முடியட்டும்" என்றான் சரீப்.

"அது கிடக்கட்டும் காக்கா, மிச்சத்தச் சொல்லுங்க. நேரம் போகுது."

மெஷின் நின்ற அமைதியில் அந்தக் குரல் ஆலை முழுவதும் கேட்டது. கதிர்காமன் சட்டென்று கையால் போனைப் பொத்தினான்.

"காக்கா, சொல்லாதீங்க" என்றான் மெதுவாக. "பாங்கு கேட்டா நானே வாய மூடுறன். பள்ளிவாசல் ஆளெண்டு சொல்றான், இவனுக்கு மூடத் தெரியாதா?"

சரீப் போனைக் கையில் எடுத்தான். இலக்கம் சொல்லமாட்டேன் என்றான். மறுகணம் குரலில் இருந்த மரியாதை போயிற்று.

"உன்ட ஐடி எங்கட கையில இரிக்கி. சொல்லாட்டி உன்ட பேரில என்னவும் செய்வம். பொலிஸ் உன்னத்தான் தேடி வரும்."

சரீப் போனை வெட்டினான். அது திரும்பத் திரும்ப அடித்தது. கதிர்காமன் மோட்டார் சைக்கிளை எடுத்தான். காரைதீவைக் கடந்து கல்முனை வங்கிக்குப் போகிற வழியெல்லாம் சரீபின் மடியில் போன் துடித்துக்கொண்டே இருந்தது. எடுத்துப் பார்க்கப் பயம். சொன்ன பாதியே போதுமாக இருந்தால்? நதீரா முதுகு முறிய உழைத்த காசு போயிருந்தால்? தெருவில் எதிரே வந்தவர்களில் எவன் அந்தக் குரலுக்குரியவன் என்றுகூடத் தோன்றியது.

வங்கியில் இருந்த நிலாந்தினி என்ற பெண் அவன் இலக்கத்தைத் தட்டிப் பார்த்தாள்.

காசு இருக்கிறது என்றாள். போன் வழியாகக் கணக்கை ஆள யாரோ அவன் பெயரில் பதியப் பார்த்திருக்கிறான்; அந்த ஆறு இலக்கம்தான் மிச்சமாக இருந்தது. கணக்கைப் பூட்டினாள். பொலிசில் முறைப்பாடு எழுதச் சொன்னாள்.

"இண்டைக்குக் காசு தப்பிட்டு ஐயா. ஆனா உங்கட அட்டைப் படம் அவங்கட கையிலதான் இரிக்கி. அதத் திருப்பி வாங்கேலாது. கவனமா இருங்க."

அந்தி மஃரிப் தொழுகைக்குப் பிறகு நதீரா குவைத்திலிருந்து போன் எடுத்தாள். சரீப் ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் ஏசவில்லை. தனக்கு நடந்ததைச் சொன்னாள்.

"இஞ்ச வந்த அண்டைக்கே வீட்டுக்கார மேடம் என்ட பாஸ்போட்ட வாங்கி அலுமாரியில வெச்சிப் பூட்டினா. அண்டைக்குத்தான் விளங்கிச்சி, அந்தப் புத்தகம் யார்ட கையிலயோ நானும் அவட கையிலதான். உங்கட ஐடியும் அப்பிடித்தான். நம்மட பேரு தெரிஞ்சவனெல்லாம் நம்மட ஆள் இல்ல. உதவி தாறவன் கேட்டாலும் நேரில போய்க் காட்டுங்க, படத்தப் பிடிச்சி ஊருக்குப் போடாதீங்க."

"ஓம்" என்றான் சரீப்.

"போனுக்கு வாற நம்பர ஒருத்தருக்கும் சொல்லாதீங்க. நானே கேட்டாலும் சொல்லாதீங்க."