காந்தத் துருவங்களும் ஆயுதபூஜைப் பொரியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் கம்ப்யூட்டரில் "தொடாதே" என்று மூன்று இடத்தில் எழுதி ஒட்டியிருந்தேன். அதில் ஒன்றின்மேல்தான் அம்மா சந்தனம் வைத்திருந்தாள்.

1994 அக்டோபர். சூலூரில் அப்பாவுக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டும் பட்டறை. கல்லூரி லேபை ஐந்து மணிக்கே பூட்டிவிடுவார்கள் என்பதால் என் கம்ப்யூட்டரை அப்பாவின் மேசையில் வைத்திருந்தேன். கரண்டு போனாலும் தாங்க அவரே பேட்டரி கட்டிக் கொடுத்திருந்தார். இருபத்து மூன்று நாளாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் நான்கு நாள் ஓடினால் கடைசி வரைபடம் வந்துவிடும். நவம்பர் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் என் ஆராய்ச்சிப் பதிவே ரத்து. ஆறு வருட உழைப்பு அம்போ.

ஆராய்ச்சி இதுதான். புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளைத் தனித்தனியாகப் பிரிக்க முடியாது. இரண்டை இழுக்க இழுக்க நடுவிலுள்ள புலம் கயிறாக முறுக்கிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. வெறும் வடக்கு, வெறும் தெற்கு என்று ஒற்றைக் காந்தத் துருவங்கள் வெற்றிடத்தில் மொய்த்துக் கிடந்து அந்தப் புலத்தை நெருக்குகின்றன என்று ஒரு கொள்கை. நான் வெளியையும் காலத்தையும் கட்டம் கட்டமாக வெட்டிக் கம்ப்யூட்டருக்குள் வைத்து, அந்தத் துருவங்களை எண்ணி, எடுத்துவிட்டால் கயிறு அறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆயுதபூஜை அன்று காலை குளிக்க வீட்டுக்குப் போனேன். ஒரே ஒரு மணி நேரம். திரும்பி வந்தால் லேத், டிரில்லிங் மெஷின், சுத்தியல் எல்லாம் துடைத்துப் பொட்டு வைத்து வரிசையாக இருந்தன. கடைசியில் என் கம்ப்யூட்டர். அணைந்து கிடந்தது. திரையில் மூன்று பட்டை விபூதி.

"யாரும்மா இத ஆஃப் பண்ணுனது?"

"நாந்தான் கண்ணு. இருவத்திமூணு நாளா ஓடுது, பாவம். எல்லா மிசினும் இன்னைக்கு ஓய்வா இருக்கையில இது மட்டும் ஓடலாமா? சாமி குத்தமாயிரும்."

நடுநடுவே சேமித்துவைக்க நான் ஏற்பாடு செய்யவில்லை. சோம்பல். அதை அந்த நேரத்தில் யார் ஒப்புக்கொள்வார்கள்? "உனக்கு என்னம்மா தெரியும்? சோறாக்கறதத் தவிர என்ன தெரியும்?" என்று பட்டறை ஆட்கள் முன்னால் கத்தினேன். அம்மா பொரி கடலையைப் பொட்டலம் கட்டி எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே போனாள். பொட்டலக் காகிதம், அட கடவுளே, துருவங்களின் எண்ணிக்கை தினமும் அச்சாகி வந்த என் பிரிண்ட் அவுட்!

அப்பா எட்டாவதோடு பள்ளியை விட்டவர். பொரியை மென்றுகொண்டே காகிதத்தைப் படித்தார்.

"ஏனம்மணி, இந்த என்னு, எஸ்ஸுங்கறது நார்த்து, சவுத்துதான?"

"ஆமாங்கப்பா."

"நார்த்து எழுவத்தொண்ணு, சவுத்து அறுவத்தாறுன்னு போட்டிருக்குது. கணக்கு ஒதைக்குதே. மோட்டார்ல சுத்திக் கொண்டாந்து சேத்துனா ரெண்டும் சரிக்குச் சரியா நிக்கோணும். இதெப்பிடி அஞ்சு மிச்சம்?"

இது மோட்டார் இல்லை என்று எரிந்து விழ வாயெடுத்தேன். அப்போதுதான் உறைத்தது. என் கட்டமும் சுற்றி வந்து சேர்வதுதான். வலது ஓரத்தை இடது ஓரத்தோடு ஒட்டியிருந்தேன். அதில் வடக்கும் தெற்கும் சமமாகத்தான் வர வேண்டும். முதல் நாளே பார்த்திருக்க வேண்டிய சங்கதி. ஆட்கள் கையிலிருந்த பொட்டலங்களைப் பிடுங்கிப் பிரித்தேன். பொரி நாலாபக்கமும் சிதறியது. ஒன்றில்கூடச் சமமில்லை.

புரோகிராமைப் புரட்டினால், கடைசிக் கட்டத்துக்கு அடுத்தது முதல் கட்டம் என்பதற்குப் பதில் இரண்டாவது என்று எழுதித் தொலைத்திருந்தேன். இருபத்து மூன்று நாளும் குப்பை. அம்மா நிறுத்தியிருக்காவிட்டால் அந்தக் குப்பையை அட்டை போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருப்பேன்.

அதைத் திருத்தி மறுபடி ஓட்ட இருபத்தேழு நாள். நவம்பர் பத்துக்குள் முடிந்துவிடும், தப்பித்தேன். சுவிட்சைப் போடப் போனால் அப்பா கையை நீட்டித் தடுத்தார். "நாளைக்குப் பூசை பிரிச்சுப்போட்டுத்தான்."

மறுநாள் காலை அம்மா பட்டறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள வாம்மா."

"வேண்டாங்கண்ணு. எனக்கென்ன தெரியும்? தொட்டு மறுக்கா எதாச்சும் ஆயிரப்போவுது."

சுருக்கென்றது. "தப்பாப் பேசிப்போட்டேம்மா" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவளைக் கூட்டிவந்து, அவள் விரலைப் பிடித்துச் சுவிட்சில் வைத்தேன். அமுக்கினாள். திரை வெளிச்சமானதும் அவள் முகமும் தெளிந்தது.

"ஏங்கண்ணு, தீவாளிக்கு ஒரு நாள் மட்டும் நிறுத்திக்கலாமல்லோ?"

நாற்காலியைக் கம்ப்யூட்டருக்கு முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இருபத்தேழு நாளும் சாப்பாடு எனக்கு அங்கேயேதான் வந்தது.