கிளைவ் எழுந்து நின்றார்

ப்ரியோனி பையிலிருந்து ஒரு தலையணை உறையை எடுத்து மடியில் விரித்தாள். முன்பு வெள்ளையாக இருந்ததாம். இப்போது வாலபி என்கிற குட்டைக் கங்காருவின் தோல் போலச் சாம்பல் பழுப்பாக இருந்தது. எங்கள் குவேக்கர் கிறிஸ்தவ சபைக் கூடத்தின் புகைபோக்கிக்குப் பக்கத்தில், குளிர் தொடங்கிய நாளிலிருந்து அவளுடைய ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் அதைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

"இது நம்ம புகை," என்றாள். "பூமியைப் பாத்துக்கிறதும் வழிபாடுதான்னு பிள்ளைங்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். டெஸ்ஸி கேக்குறா, அப்ப பெரியவங்களுக்கு யாரு வகுப்பு எடுக்கிறாங்கன்னு."

டெஸ்ஸி அவள் மகள். கணப்பு எரிகிற மாதங்களில் அந்தச் சிறுமிக்கு இளைப்பு வந்து மார்பு விசில் அடிக்கும். எங்கள் மௌன வழிபாட்டில் மிக அதிகமாகப் பேசிய ஜீவன் அந்த விசில்தான். டாஸ்மேனியாவில் ஜூன்தான் கடுங்குளிர்; அப்போது எங்கள் பள்ளத்தாக்கின் புகை எங்கும் போகாது. மலைக்கும் ஆற்றுக்கும் நடுவே கம்பளி போலப் படுத்துக்கொள்ளும். கணப்பை மூடிவிட வேண்டும் என்பதுதான் ப்ரியோனியின் கோரிக்கை. நியாயமான கோரிக்கை. சங்கடம் என்னவென்றால், கணப்புக்குப் பக்கத்தில் கிளைவ் பிராமிச் உட்கார்ந்திருந்தார்.

கிளைவ் ஞாயிறுதோறும் எல்லோருக்கும் ஒரு மணி நேரம் முன்னால் வந்து தீ மூட்டுவார். எந்தக் காலத்திலிருந்து என்று யாருக்கும் தெரியாது; டாஸ்மேனியா ஆஸ்திரேலியப் பெருநிலத்திலிருந்து பிரிந்து தீவானபோதே அவர் கையில் ஒரு கட்டை இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. எங்களுக்குப் பாதிரியார் கிடையாது. உள்ளிருந்து உந்துதல் வந்தால் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். நான் வாரத்துக்கு இரண்டு முறை உந்தப்படுகிறவள். கிளைவ் ஒருமுறைகூட எழுந்ததில்லை. மற்றவர்கள் சொல்லால் செய்ததை அவர் விறகால் செய்தார். அதையும் எடுத்துவிட்டால் அந்த மனிதர் எதற்காக இங்கே வருவார் என்பதுதான் எல்லோர் மனதிலும் இருந்தது.

எங்கள் கூட்டத்தில் ஓட்டெடுப்பும் கிடையாது. எல்லோர் மனமும் ஒன்றாகும்வரை மௌனமாகக் காத்திருப்போம். மனம் ஒன்றாகிவிட்டது என்று செயலாளருக்குப் பட்டால் அங்கேயே தீர்மானத்தை எழுதி வாசிப்பார். எங்கள் செயலாளர் நெரிடா பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மௌனத்துல இருப்போம்," என்றாள்.

இருந்தோம். கொஞ்ச நேரத்தில் கிளைவ் எழுந்து நின்றார்.

கூடத்தில் ஒரு அசைவு ஓடி அடங்கியது. ஒருவர் எழுந்தால் தலை குனிந்து கண்ணை மூடிக் காத்திருப்பது எங்கள் மரியாதை. அவசரப்படுத்தக் கூடாது, இருமக் கூடாது. இத்தனை காலம் பேசாத மனிதர் எழுந்திருக்கிறார். நாங்கள் காத்திருந்த அழகைப் பார்த்திருந்தால் கல்லறையில் இருக்கிறவர்களே வெட்கப்பட்டிருப்பார்கள். பனி யுகம் ஒன்று வந்து போயிருக்கலாம். என் இடது கால் மரத்து, பிறகு வலது காலும் அதற்குத் துணை போனது. நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன் (குவேக்கர்கள் எல்லோரும் இதைச் செய்வோம், ஒப்புக்கொள்ள மாட்டோம்). கிளைவ் அப்படியே நின்றார். முகம் சிவந்திருந்தது. அவர் பார்வை கணப்பின் கண்ணாடிக் கதவில் இருந்தது. உள்ளே செக்கச்செவேலென்று இருந்த தணல் மங்கி, சாம்பல் பூத்து, கடைசியில் ஒரு சிவப்புப் புள்ளி மட்டும் மிஞ்சி, அதுவும் போனது.

"கட்டை போடத்தான் எழுந்தேன்," என்றார் கிளைவ். "நீங்க எல்லாரும் தலையைக் குனிஞ்சிட்டீங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை விழுங்கியதில் எனக்கு விலா வலித்தது. தீயை நிறுத்துவதா வேண்டாமா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருக்கையில், எங்கள் மரியாதையே அதை அணைத்துவிட்டிருந்தது.

நெரிடா மட்டும் முகம் மாறாமல் கேட்டாள். "எழுந்துட்டீங்க, கிளைவ். உங்க மனசுல என்ன இருக்குன்னு சொல்லிடுங்களேன்."

அவர் டெஸ்ஸியைப் பார்த்தார். அந்த அறையில் விசில் சத்தம் கொஞ்சம் இறங்கியிருந்ததா, அல்லது எனக்கு அப்படிப் பட்டதா, தெரியாது.

"மூடுறதுல எனக்குச் சம்மதம் இல்ல," என்றார். "குறுக்கே நிக்கவும் மாட்டேன். எழுதிக்கோ."

சம்மதமில்லாதவர் குறுக்கே நிற்காமல் விலகிக்கொண்டால் எங்கள் வழக்கப்படி அது போதும். நெரிடா எழுதலாம். பேனா தாளைத் தொட்டபோது ப்ரியோனி உறையை மடிக்கத் தொடங்கினாள்.

"இன்னிக்கு எழுத வேணாம், நெரிடா."

"நீதானே கேட்ட?"

"கேட்டேன். அவர் விலகி நின்னுதான் இது நடக்கணும்னா, பிள்ளைங்களுக்கு நான் என்ன பாடம் சொல்லிக்கொடுப்பேன்?"

ஆகவே ஒன்றும் முடிவாகாமல், அடுத்த மாதம் மறுபடி பார்ப்பது என்று எழுதி வாசித்து, "சரி, சரி" என்று முணுமுணுத்துப் பூசணி சூப் குடிக்கப் போனோம். நெரிடா என் காதருகே வந்தாள்.

"நடுவுல நீ மூக்கை உறிஞ்சின பாரு, அதைச் சம்மதம்னு எழுதிடலாம்னு பாத்தேன்."

"எழுதியிருக்கலாமே. அந்தக் குளிர்ல நான் எதுக்கும் சம்மதிச்சிருப்பேன்."

"உனக்கு வெயில்லயும் மூக்கு ஒழுகும், ரோயனா. சூப்பைக் குடி."

கிளைவ் சூப்புக்கு நிற்கவில்லை.

அடுத்த ஞாயிறு சாலைத் திருப்பத்திலிருந்து பார்த்தேன். கூடத்தின் புகைபோக்கியில் ஒன்றும் இல்லை. வாசலில் டெஸ்ஸியின் கையைப் பிடித்துக்கொண்டு ப்ரியோனி நின்றிருந்தாள்.

"அவர் வரலியா?" என்றாள். அவள் குரலில் வெற்றி எதுவும் இல்லை.

கிளைவின் பழைய வண்டி மரத்தடியில் நின்றது. கண்ணாடியில் பனி உறைந்திருந்தது. வந்து நேரமாகியிருக்க வேண்டும். உள்ளே போனோம். கணப்பு குளிர்ந்து கிடந்தது. பெஞ்சுகள் எல்லாவற்றையும் அவர் தன்னந்தனியாக இழுத்துப் போட்டிருந்தார். வேறு வேறு மேய்ச்சல் நிலத்து ஆடுகள் போல நாங்கள் தள்ளித் தள்ளி உட்கார்ந்துவந்த பெரிய வட்டம், எதிரில் இருப்பவர் முழங்காலில் இடித்துக்கொள்ளாமல் உட்கார முடியாத அளவுக்குச் சுருங்கியிருந்தது. கோட்டைக் கழற்றாமல் அவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"நெருக்கி உக்காருங்க," என்றார். "பாத்துக்கலாம்."

இது சம்மதமா, ஒரு வாரத்துச் சோதனையா, யாரும் கேட்கவில்லை. ப்ரியோனி அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்தாள். இருவர் முழங்கால்களும் தொட்டன. மௌனம் இறங்கியது. எங்கள் எல்லோர் வாயிலிருந்தும் மூச்சு வெண்மையாகக் கிளம்பி, வட்டத்தின் நடுவே கலந்து, மேலே போயிற்று. கிளைவ் தலை குனியவில்லை. தீ சரியாகப் பிடித்திருக்கிறதா, காற்று நன்றாக இழுக்கிறதா என்று பார்க்கிற கண்ணோடு, அந்த வெண்மூச்சு உத்தரத்தில் போய்க் கரைவதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.