தெருவுக்குப் போன காய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். லூசியம்மாளிடம் வாய் கொடுத்து மீண்டவர் இல்லை என்று எங்கள் பிளாக்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆனால் அந்தத் திங்கட்கிழமை நான் பேசியதை நினைத்தால் இந்த நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருக்கிறது.

என் வீட்டுக்காரர் பவுல்ராஜ் நிலக்கரி மைன்ஸில் பெர்மனென்ட். முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் இறங்கிவிடுவார். அந்தத் தொண்ணூற்றெட்டு தை மாதம் காய் அப்படிக் கொட்டியது. கத்திரி, அவரை, வெண்டை, பந்தல் நிறையச் சுரைக்காய். பறிப்பதெல்லாம் முதலில் தெருவுக்கு. பிஞ்சும் நல்லதும் பக்கத்து வீடுகளுக்கு, புழு துளைத்தது எனக்கு. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தத் தெருதான் அவருக்குப் பிள்ளை குட்டி எல்லாம்.

அந்தத் திங்கட்கிழமை திருவதிகையிலிருந்து என் தம்பி ஆனந்த்ராஜ் சாப்பிட வந்திருந்தான். அரிந்த கத்திரிக்காய் அத்தனையிலும் புழு. எனக்கு வந்ததே கோபம்! சோறு போட்டு உட்காரவைத்துவிட்டு, தம்பி முன்னாலேயே கத்தினேன்.

“யோவ், கட்னவளுக்கு சொத்தக் காயி, ஊரானுக்கு நல்ல காயா? அவங்களுக்கே மாரடிச்சிக்கினு கெட. இனிமே இந்த வூட்டு வாசப்படி மிதிக்காத. எங்கியாவது போயி செத்துத் தொல!”

அவர் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சுகர் மாத்திரை டப்பா மேசைமேலேயே கிடந்தது. கோபம் தணிந்தால் வந்துவிடுவார் என்று நினைத்தேன். இருட்டியது, விடிந்தது, வரவில்லை.

புருஷனை விரட்டிவிட்டாள் என்று தெரு சிரிக்குமே! அந்த வீறாப்புதான் என்னைக் கெடுத்தது. மைன்ஸுக்கு அவருக்குக் காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். தெருவுக்குக் காய் போகாவிட்டால் கேள்வி வரும். அதனால் அவர் கூடையை நானே எடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை நான் பறித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு சடையப்பன் கேட் அருகே வந்து நின்றார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், தெர்மல் மின்நிலையத்தில் வேலை.

“அண்ணாச்சி இருக்காவளாக்கா?”

“ஷிப்டுக்குப் போயிருக்காருங்க. இந்தாங்க, உங்களுக்குன்னுதான் எடுத்து வெச்சேன்” என்று இரண்டு கை நிறையக் கத்திரிக்காயை அள்ளிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அப்புறம் வீடு வீடாக ஏறி இறங்கினேன். காயைக் கொடுப்பேன், பேச்சுவாக்கில் கேட்பேன். “எங்க வூட்டுக்காரர இந்தப் பக்கம் பாத்தீங்களா? பீரோ சாவிய எடுத்துக்கினு போயிட்டாரு.” ருக்குமணி பார்க்கவில்லை. திலகவதி, “நீங்க காய் குடுக்கறது அதிசயமா இருக்கே” என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

புதன்கிழமை வடக்குத்து ஊர் வரைக்கும் நடந்து டீக்கடை, பிராந்திக் கடை எல்லாவற்றையும் எட்டிப் பார்த்தேன். தம்பி வீட்டுக்கும் அவர் போகவில்லையாம். மாதாவே, என் சொல் பலித்துவிடக் கூடாது என்று முழங்காலில் நின்று அழுதேன். நல்ல காயாகப் பார்த்துத் தெருவுக்குக் கொடுத்தால் திரும்பி வந்துவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு வேறு. வியாழக்கிழமை பந்தலில் இருந்ததிலேயே பெரிய சுரைக்காயை அறுத்துக்கொண்டு போய், சடையப்பன் மனைவி இசக்கியம்மாளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. காம்பில் கட்டியிருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள்.

“இது வெதைக்கு விட்டதுல்லாக்கா? துணி கெட்டின காயத் தொட்டாலே அண்ணாச்சி வீட்ட ரெண்டாக்கிருவாவளே! அவிய இருந்தா இத அறுக்க விட்டிருப்பாவளா?” என் முகத்தையே உற்றுப் பார்த்தாள். “யக்கா, அண்ணாச்சி எங்க?”

அவ்வளவுதான். அவள் வாசலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன், தம்பி முன்னால் நான் பேசிய பேச்சு உட்பட.

உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த சடையப்பன் எச்சில் கையோடு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது.

“திங்கக்கெழம சாயங்காலம் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டுல பாத்தேன்க்கா. பெஞ்சுல சுருண்டு கெடந்தாவ, சட்டையெல்லாம் வேர்வ. நான் பஸ்ஸுக்குள்ள இருந்தேன், எறங்குறதுக்குள்ள வண்டிய எடுத்துட்டான். அதக் கேக்கத்தான் மறுநா காலைல வந்தேன். ஷிப்டுக்குப் போயிருக்காவன்னு சொன்னிய. சரி, அது வேற யாரோ போலன்னு நெனச்சு, காய வாங்கிட்டுப் போயிட்டேன்.”

மூன்று நாள்! செவ்வாய்க்கிழமை காலையில் இவரிடம் ‘காணோம்’ என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஊரையே பேசுகிற எனக்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை.

சடையப்பன் கையைக்கூடக் கழுவாமல் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். “ஏறுங்கக்கா, மொதல்ல ஆஸ்பத்திரியெல்லாம் பாப்போம்” என்றார். மற்றவர்களும் தேடினால்தானே ஆகும்? ஏறுவதற்கு முன்னால் நான் தெரு நடுவில் போய் நின்று, கூடையோடு ஏறி இறங்கிய ஒவ்வொரு வீட்டையும் பார்த்துக் கத்தினேன்.

“எங்க வூட்டுக்காரரக் காணோம்! திங்கக்கெழமையிலேர்ந்து காணோம்! நாந்தான் போவச் சொன்னேன். யாராவது வந்து தேடுங்களேன்!”